நடக்கிறதுதான் நடக்கிறீங்க... கண்மாய்க் கரையில் நடங்களேன்!

கண்டரமாணிக்கத்தில் ஒரு ஆச்சி. வயது அறுபத்தெட்டு. சர்க்கரை உண்டு, கொஞ்சம் பிரஷரும் உண்டு. "தினமும் அரைமணி நேரம் நடங்க ஆச்சி" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆச்சியும் நடந்தார். எங்கே? வீட்டுக்குள்ளேயே! முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு, அங்கிருந்து திரும்ப முகப்பு. செட்டிநாட்டு வீட்டில் நீளத்துக்கா பஞ்சம்? ஆனால் பத்தாவது நாள், "செக்குமாடு மாதிரி இதென்ன சுத்து" என்று நிறுத்திவிட்டார்.

உங்கள் வீட்டுக் கதையும் இதுதானே? மொட்டைமாடியில் எட்டுப் போட்டு நடந்தவர்கள் எட்டே நாளில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆசையாக வாங்கிய டிரெட்மில்லில் துண்டு காய்கிறது. இவர்களையெல்லாம் சோம்பேறி என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை. பார்க்க எதுவுமே இல்லாமல் எத்தனை நாள்தான் நடப்பது? கால் வலிப்பதற்கு முன்னாலேயே மனசு சலித்துப்போகிறது.

அதனால்தான் சொல்கிறேன், பறவை பாருங்கள். அதுவும் இந்தப் பங்குனி முடிவதற்குள் பாருங்கள்.

ஏன் அவசரம் என்கிறீர்களா? வசந்த காலம் வந்தால் ஐரோப்பாக்காரர்கள் ஏரிக்கரையில் நின்று, வருகிற பறவையை வரவேற்பார்கள். நமக்கு அப்படியே தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கேயிருந்து வந்த விருந்தாளிகள் மூட்டை கட்டுகிற மாதம் இது. கரண்ட் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்குமே தகைவிலான் குருவி, அது இமயமலைப் பக்கமும் அதற்கு அப்பாலும் கூடு கட்டப் போகிறது. வந்தபோது மங்கலாக இருந்த சோளப்பட்சி, போகிற நேரத்தில் கல்யாணப் பெண் மாதிரி ரோஸ் நிறத்துக்கு மாறி, மத்திய ஆசியாவுக்குக் கிளம்பும். தோட்டத்துச் சருகைக் கிளறிக்கொண்டு, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கச்சிதமாகக் குரல் கொடுக்கிற ஆறுமணிக் குருவியும் சித்திரை வாக்கில் விடைபெற்றுவிடும்.

கிளம்புமுன் இவை சாப்பிடுகிற சாப்பாடு இருக்கிறதே... அப்பப்பா! நீண்ட தூரம் போகிற சில சின்னப் பறவைகள் கொழுப்பைச் சேர்த்து உடம்பு எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அத்தனையும் வழிச் செலவுக்கு. நாமும் சேர்க்கிறோம், ஆனால் பயணம்தான் போவதில்லை!

கண்டரமாணிக்கத்துக்காரர்கள் இதற்காக ரொம்ப தூரம் போக வேண்டாம். ஊருணிக்கரையில் ஆரம்பியுங்கள். நீர்க்காகம், மடையான், முக்குளிப்பான், மீன்கொத்தி என்று பழகிய முகங்களாகவே பத்து தேறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போய்வாருங்கள். மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகப் பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் வருகிறார்கள். காரை நிறுத்தத்தான் தோன்றுவதில்லை. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள் சேர்ந்து 38.4 ஹெக்டேர். 1977-ல் சரணாலயம் ஆனது.

நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், வக்கா என்று மரமெல்லாம் கூடு. இவற்றை "ஆஸ்திரேலியாவிலிருந்து முட்டை போட வந்த பறவைகள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இவை எல்லாம் நம் தேசத்துப் பறவைகள்தான், தண்ணீரைத் தேடி ஊர் மாறுகின்றன. அசல் வெளிநாட்டு விருந்தாளிகளான நீலச்சிறகு வாத்து, ஊசிவால் வாத்து போன்றவை இங்கே கூடு கட்டுவதே இல்லை. குளிருக்கு ஒதுங்கி, தின்று, இளைப்பாறிவிட்டுப் போய்விடும். ஒன்று, மழை பொய்த்த வருஷம் கண்மாய் வற்றிவிடும், பறவையும் இருக்காது. கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகப் பல வருஷங்களாகத் தீபாவளிக்கு அவர்கள் வெடி போடுவதில்லை. கல்யாணம், கோயில் திருவிழா எதற்கும் கிடையாது. வனத்துறை அவர்களுக்குத் தீபாவளிக்கு இனிப்புக் கொடுத்து மரியாதை செய்கிறது. மத்தாப்பு கேட்டு அழுகிற பிள்ளைக்கு அந்த அம்மாக்கள் என்ன சமாதானம் சொல்வார்களோ! படித்த நம் வீடுகளில், பக்கத்து வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருப்பது தெரிந்தும் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்துகிறோமே?

"அழகா இருக்கு, சரி. உடம்புக்கு என்ன லாபம்?" என்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 1,292 பேரிடம், அன்றாடம் அவர்கள் இருக்கிற இடத்திலேயே செல்போன் வழியாக மனநிலையைக் கேட்டுப் பதிவு செய்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். பறவையைப் பார்த்தாலோ, குரலைக் கேட்டாலோ மனம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவு எட்டு மணி நேரம் வரை நீடித்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் அப்படியே. இதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை மாத்திரைதான், இது துணைக்கு.

இன்னொன்று பிள்ளைகளின் கண். சீனாவில் குவாங்சௌ நகரத்துப் பள்ளிகளில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் வெளிச்சத்தில் விட்டார்கள். மூன்று வருஷத்தில் கிட்டப்பார்வை வந்தது அவர்களில் 30.4 சதவீதம் பேருக்கு. வழக்கம்போல வகுப்பிலேயே இருந்தவர்களில் 39.5 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. "வெளியே போய் விளையாடு" என்றால் போன் இல்லாமல் அசைய மாட்டேன் என்கிற பிள்ளை, "அந்தக் கம்பியில எத்தனை தகைவிலான்னு எண்ணு பார்ப்போம்" என்றால் அசையும். நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நம் ஊரில் பறவையையும் உடம்பையும் சேர்த்துப் பேசினாலே பேச்சு வேறு பக்கம் போய்விடும். "காட்டுப் பறவைக் கறி சளிக்கு நல்லது", "பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தடவு" என்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்! வாய் கோணி, கை விழுந்தால் புறாவைத் தேடி ஓடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். கறி விஷயமும் அப்படித்தான். காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வயலில் பூச்சிமருந்து கலந்த இரை வைத்துப் பிடிக்கிறவர்களும் உண்டு. அந்த மருந்து உங்கள் குழம்புக்கும் வரும். ஆசைப்பட்டால் பண்ணைக் காடை இருக்கவே இருக்கிறது.

பால்கனியில் புறாவுக்குத் தானியம் இறைப்பதும் பறவை பார்ப்பதில் சேராது. புறா எச்சத்தூளை நாள்பட சுவாசிக்கிற சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி வந்து, நுரையீரலே இறுகிப்போவதுண்டு. ஆஸ்துமாக்காரர்கள் கண்டிப்பாகத் தள்ளியே இருங்கள்.

"கூட்டம் போனா பறவைக்குத் தொந்தரவுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்தில் அடியோடு போய்விட்டதாக நினைத்திருந்த விராலடிப்பான் பருந்து, 1954-ல் லாக் கார்ட்டன் ஏரிப்பக்கம் திரும்ப வந்து கூடு கட்டியது. இடத்தை ரகசியமாக வைத்துக் காவல் காத்தும் 1958-ல் முட்டை திருட்டுப் போனது. மறு வருஷம் என்ன செய்தார்கள் தெரியுமா? தூரத்தில் ஒரு மறைவிடம் கட்டி, "எல்லோரும் வந்து பாருங்கள்" என்று திறந்துவிட்டார்கள். ஜனங்களின் கண்ணே காவலாகிவிட்டது. நம் கண்மாய்களும் யாரும் எட்டிப் பார்க்காததால்தான் சீமைக்கருவேலம் மண்டி, குப்பை கொட்டுகிற பள்ளமாகின்றன என்பது என் எண்ணம். தினமும் பத்துப் பேர் காலையில் கரையில் நடந்தால், லாரியில் குப்பை கொண்டுவருகிறவன் கொஞ்சமாவது கூசுவான்.

ஆச்சி இப்போது பேரனைக் கூட்டிக்கொண்டு ஊருணிக்கரைக்குப் போகிறார். "அப்பத்தா, அந்தா முக்குளிப்பான்!" என்று அவன் கத்த, "மெதுவாடா, முங்கிரும்" என்று இவர் அதட்ட, அரைமணி நேரம் போவதே தெரியவில்லையாம்.

நீங்களும் கிளம்புகிறீர்களா? காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெயில் தாங்காது. பைனாகுலர் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். செத்துக் கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள், நிறையக் கிடந்தால் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர்கள் பையில் நாலு பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். கரையெல்லாம் கருவேலமுள், அதனால் ரப்பர் செருப்பு வேண்டாம், மூடின ஷூ போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுங்கள். முள் குத்தியது உங்களுக்கே தெரியாமல் இருக்கும்.