திரையில் சரி, சொல்லில் பிழை

2023 செப்டம்பர் 30. டாட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூலுடனான கால்பந்து ஆட்டத்தின் 34ஆவது நிமிடம். முகமது சலா கொடுத்த பந்தை லூயிஸ் டியாஸ் வலைக்குள் அடித்தார். துணை நடுவரின் கொடி உயர்ந்தது: ஆஃப்சைட். வி.ஏ.ஆர். (காணொளி உதவி நடுவர்) அறையிலிருந்த நடுவர் டேரன் இங்கிலாந்து கோடு போட்டுப் பார்த்தார்; டியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பதைச் சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆகவே சோதனை முடிந்தது என்று மட்டும் சொன்னார். கள நடுவர் சைமன் ஹூப்பர், தன் ஆஃப்சைட் முடிவு உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். லிவர்பூலின் முறையான கோல் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே தொலைந்தது.

சில நொடிகளில் தவறை முதலில் பிடித்தவர் அறையிலிருந்த நடுவர்களில் ஒருவர் அல்ல, ரீப்ளே இயக்கிக்கொண்டிருந்தவர். களத்தில் கொடுத்தது ஆஃப்சைட் என்று அவர் நினைவூட்டினார். ஆட்டத்தை நிறுத்தலாம் என்றும் அறைக்குள் குரல் எழுந்தது. அதற்குள் ஃப்ரீ கிக் எடுத்தாகிவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கிய பின் முந்தைய முடிவை மாற்ற விதி 5 இடம் தருவதில்லை. இரண்டே நிமிடத்தில் டாட்டன்ஹாமின் சன் ஹியூங்-மின் கோல் அடித்தார். கடைசியில், 96ஆவது நிமிடத்தில் ஜோயல் மாட்டிப் அடித்த சேம்சைடு கோலால் லிவர்பூல் 1–2 என்று தோற்றது.

இந்தச் சம்பவத்தில் கண் பிசகவில்லை, கருவி பிசகவில்லை, விதி தெரியாதவரும் யாரும் இல்லை. சோதனையை முடிக்குமுன் களத்தின் முடிவு என்ன என்பதை வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்யவில்லை. அவ்வளவுதான்.

2006 உலகக் கோப்பையில் ஷ்டுட்கார்ட்டில் நடந்ததும் இதே வகை. குரோஷியாவின் யோசிப் ஷிமுனிச்சுக்கு கிரஹாம் போல் மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். மூன்றாவதுக்குப் பிறகே அவரை வெளியேற்றினார். ஒரு அட்டையை எதிரணியில் அதே 3ஆம் எண் அணிந்தவர் பெயரில் குறித்துவிட்டதாக போல் பின்னர் விளக்கினார். அது ஒருவரின் பிழை. ஆனால் உடன் பணியாற்றிய நடுவர்களில் எவரும் குறுக்கிட்டுத் தடுக்காததால்தான் அது மூன்றாவது அட்டை வரை நீண்டது.

பொறுப்புக்கூறல் என்றதும் ‘அந்த நடுவரைத் தூக்கு’ என்பதே முதல் குரலாக எழுகிறது. டியாஸ் விவகாரத்தில் இங்கிலாந்தின் நடுவர் அமைப்பான பி.ஜி.எம்.ஓ.எல். அன்றே தவறை ஒப்புக்கொண்டது. டேரன் இங்கிலாந்தையும் அவருடைய உதவியாளரையும் அடுத்த ஆட்டங்களிலிருந்து விலக்கியது. அந்த விலக்கலால் எந்த நடுவரும் எதையும் கற்கவில்லை. மூன்று நாள் கழித்து அமைப்பு வெளியிட்ட ஒலிப்பதிவுதான் கற்றுக்கொடுத்தது. இறுதி முடிவைக் களத்துக்குச் சொல்லுமுன் வி.ஏ.ஆர். நடுவர் தன் உதவியாளரிடம் அதை உறுதிசெய்ய வேண்டும் என்ற புதிய நடைமுறை அதையொட்டியே வந்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. அந்த இருவரும் இரண்டு நாள் முன்புதான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓர் ஆட்டத்தில் பணியாற்றித் திரும்பியிருந்தார்கள். பிழைக்குக் களைப்புதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பணிப்பட்டியல் போடுகிறவர்களும் பதில் சொல்லும் வரிசையில் நிற்க வேண்டியவர்களே.

எல்லாவற்றையும் திறந்து காட்டினால் நடுவர்மீது வசை இன்னும் பெருகும் என்று மூத்த நடுவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை அலட்சியம் செய்ய முடியாது. 2005இல் பார்சிலோனா–செல்சி ஆட்டத்துக்குப் பிறகு, குடும்பத்துக்கே மிரட்டல் வந்ததால் ஸ்வீடன் நடுவர் ஆண்டர்ஸ் ஃபிரிஸ்க் விசிலைக் கீழே வைத்துவிட்டார். அவர்மீது கிளம்பிய சந்தேகம், இடைவேளையில் பார்சிலோனா பயிற்சியாளருடன் அறையில் பேசினார் என்பது. அந்தக் குற்றச்சாட்டுக்காக செல்சி பயிற்சியாளர் ஹோசே மொரீனியோவுக்கு யூஈஎஃப்ஏ தடை விதித்தது. ஃபிரிஸ்க் திரும்பி வரவில்லை. மூடிய கதவு அவரைக் காக்கவில்லை. அந்தக் கதவுதான் வதந்திக்கு இடம் கொடுத்தது.

2023 மகளிர் உலகக் கோப்பையில், வி.ஏ.ஆர். பரிசீலனைக்குப் பின் மாற்றிய முடிவை நடுவரே ஒலிபெருக்கியில் அறிவித்தார். இங்கிலாந்தில் 2025 ஜனவரியில் லீக் கோப்பை அரையிறுதியில் அது நடந்தது. நல்ல மாற்றம்தான், போதாது. எந்த ஒலிப்பதிவை வெளியிடுவது என்பதைப் பிழை செய்த அமைப்பே தேர்ந்தெடுக்கும் வரை ஐயம் தீராது. பரிசீலனைக்குப் போன ஒவ்வொரு முடிவின் ஒலிப்பதிவும், சரியோ தவறோ, வெளிவர வேண்டும் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

திரையும் காதுக்கருவியும் இல்லாத மைதானங்களில் விசில் ஊதும் வாசகர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஆட்டத்துக்கு முன் மூன்று நடுவர்களும் நின்று பேசும் ஐந்து நிமிடத்தில், ‘மஞ்சள் அட்டை காட்டினால் எண்ணையும் அணியையும் உரக்கச் சொல்வேன், நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள், ஒத்துவராவிட்டால் ஆட்டம் மறுபடி தொடங்குமுன் கொடியை உயர்த்துங்கள்’ என்று பேசிவைக்கச் செலவு எதுவும் இல்லை. மதிப்பீட்டாளர்கள் தங்கள் படிவத்தில் இதற்கென ஒரு வரியைச் சேர்க்கலாம். அடுத்த இதழிலிருந்து, தாங்கள் செய்த பிழையையும் அது நேர்ந்த விதத்தையும் நடுவர்கள் பெயரில்லாமல் எழுத இங்கே ஒரு பக்கம் ஒதுக்கப்படுகிறது.