ஊறப்போட மறந்த மா

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் பெருவீதியிலே பூவரசங்குளம் என்றோர் ஊர் உண்டு. குளத்தின் பெயரே ஊரின் பெயராக நிற்பது வன்னியின் வழக்கம். இவ்வூரும் அவ்வழக்கத்தைச் சார்ந்ததே. அங்கே உறவினர் வீடொன்றில் அண்மையில் ஓரிரவு தங்க நேர்ந்தது. அவ்வீட்டுப் பெண் பிள்ளை பெற்று ஆறு மாதமாகின்றது. குருதியில் இரும்பு குறைந்திருக்கின்றது என்று கிளினிக்கிலே கூறியிருக்கின்றனர். வெள்ளைப் பாணை விட்டுத் தவிட்டோடு கூடிய மாவை உண்பதே நலம் என்று வேறு யாரோ அறிவுரை சொல்ல, அவளும் தட்டாது ஆட்டா மாவும் குரக்கன் மாவும் வாங்கிப் பேக்கிங் பவுடர் இட்டுப் பிசைந்து, ஒரு மணி நேரத்துக்குள் வீட்டு மின்போறணையிலே பாண் சுட்டெடுத்து வைத்தாள். சுட்டது பாணா செங்கல்லா என்ற ஐயம் எனக்கு எழுந்ததுண்டு. விருந்தினன் அதனை வாய்விட்டுச் சொல்லலாகாது.

திண்ணையிலே பாக்கு இடித்துக்கொண்டிருந்த அம்மம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயிலிட்டு, நெடுநேரம் மென்றார். பின்பு கேட்டார்: "பிள்ளை, மாவை ஊறவிட்டனியோ?"

"மாவை ஏன் அம்மம்மா ஊறவிட வேணும்? அரிசியையெல்லோ ஊறப்போடுறது."

"தவிடும் கோதுமாய்க் கிடக்கிற மாவுக்குத் தண்ணியும் பொழுதும் குடுக்காமல் நெருப்பைக் குடுத்தால், அது வயித்துக்குள்ள போய்த்தான் ஊறும்."

எல்லோரும் சிரித்தோம். ஆயினும் இரவு படுத்த பின்னும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. இன்று நமக்குக் கிடைக்கும் போசாக்கு அறிவுரைகளில் பெரும்பாலானவை மாவின் நிறத்தைப் பற்றியே பேசுகின்றன. வெள்ளையை விடுங்கள், பழுப்பை உண்ணுங்கள் என்கின்றன. அந்தப் பழுப்பு மா அடுப்பேறுமுன் எத்தனை நாழிகை நீரோடு கிடக்கவேண்டும் என்பதைச் சொல்வார் அரியர். பாதி அறிவுரை பல வேளைகளிலே முழுப் பயனைத் தருவதில்லை. குருதிச்சோகையுள்ள ஒரு தாய்க்கு அந்தப் பாதிக் குறை சிறிய குறையாகாது.

காரணம் இது. தானியம் நமக்கு உணவாவதற்கென்று விளைவதில்லை, முளைப்பதற்கென்று விளைகின்றது. முளைக்கு வேண்டிய பொசுபரசைப் பைற்றிக் அமிலம் என்னும் வடிவிலே தவிட்டிலும் முளைக்கருவிலும் அது சேமித்து வைக்கின்றது. இந்த அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் கல்சியத்தையும் இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றியதை அவிழ்க்கும் ஆற்றல் மனிதக் குடலுக்கு மிகச் சொற்பம். ஆகவே தவிட்டிலே இரும்பு இருந்தும், அதிற் பெரும்பகுதி குருதியைச் சேராமலே கழிந்துவிடுகின்றது. ஆனால் அந்தத் தானியத்துக்குள்ளேயே அமிலத்தைச் சிதைக்கும் நொதியமும் உறங்குகின்றது. பைற்றேசு என்பது அதன் பெயர். நீர் பட்டால் அது விழிக்கும், இளஞ்சூடும் சிறு புளிப்பும் கிடைத்தால் விரைந்து தொழிற்படும், நெருப்பிலிட்டால் அழிந்துபோகும். பிசைந்த மாவை உடனே சுடுகின்ற கை, அந்த நொதியம் கண்விழிக்குமுன்னரே அதனைக் கொன்றுவிடுகின்றது.

இதனை மேல்நாட்டார் இடர்ப்பட்டே கற்றனர். ஓற்சு முதலிய தானியங்களை மிகுதியாக உண்ட நாய்க்குட்டிகளின் எலும்பு வளைவதைக் கண்ட எட்வேட் மெலன்பி என்னும் ஆங்கில அறிஞர், 1939 ஆம் ஆண்டளவில் அதன் காரணத்தைப் பைற்றிக் அமிலத்திலே கண்டார். உலகப் போரின்போது, 1942 இல், கப்பலிடத்தைச் சேமிக்கும் பொருட்டு இங்கிலாந்து தன் மக்களுக்குத் தவிடு பெரிதும் நீக்காத மாவை வழங்கிற்று. அதே ஆண்டிலே மக்கான்சு, எல்சி விடோசன் என்னும் இருவர், நலமுள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெள்ளைப் பாணையும் பழுப்புப் பாணையும் மாறி மாறிக் கொடுத்துச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். பழுப்புப் பாணை உண்டபோது உடல் ஏற்ற கல்சியம் குறைந்தது. பைற்றிக் அமிலத்தை அகற்றிய பாணை உண்டபோது நிலைமை தேறிற்று. அரசாங்கம் கண்ட பரிகாரமோ மாவிலே சுண்ணத்தைக் கலப்பது. ஊறவிட நேரமில்லாத நாட்டுக்கு அதுவும் ஒரு பரிகாரந்தான்!

ஈரானிலே நிகழ்ந்தது இதனினும் துயரமானது. பிகாரிலே பிறந்த ஆனந்த பிரசாத் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும், சிராசு நகர்ப்புறத்துக் கிராமங்களிலே, இருபது வயதாகியும் பத்து வயதுச் சிறுவரைப் போலத் தோன்றிய இளைஞரைக் கண்டு 1961 இல் எழுதினர். அவர்களுடைய உணவு பெரும்பாலும் புளிக்கவையாத முழுக்கோதுமை ரொட்டி. அக்குறைக்குத் துத்தநாகம் கிட்டாமையே காரணமாகலாம் என்று அவர் அன்று கொண்ட ஐயம், பின்னர் எகிப்திலே செய்த ஆய்வுகளால் உறுதிப்பட்டது. தானியம் முழுமையாயிருந்தது, வயிறும் நிறைந்தது, வளர்ச்சி நின்றது.

இனி நம்முடைய அடுக்களைக்கு வருவோம். நம்மவர் கைக்கு வந்த தானியம் பெரும்பாலும் நேரே அடுப்பேறியதில்லை. தோசைக்கு உழுந்தும் அரிசியும் ஊறும், அரைபடும், இரவெல்லாம் புளிக்கும். வவுனியா மண்ணிலே விளையும் உழுந்துக்கு நாடெங்கும் மதிப்பு; அந்த உழுந்தின் பெருமையிற் பாதி அதனை ஊறவைக்கும் சட்டிக்கு உரியது. அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைத்தனர். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசியை ஊறவிட்டு, வடித்து, இடித்து, அரித்து, வறுத்து வைத்தனர். ஒடியல் மாவைக்கூட நீரிலே ஊறவிட்டுப் பிழிந்து, அதன் கசப்பை நீக்கிய பின்னரே பிட்டவித்தனர்.

புழுங்கலரிசியின் கதை இவற்றினும் பெரிது. நெல்லை ஊறவிட்டு அவிக்கும்போது, தவிட்டிலுள்ள பி1 விற்றமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே மலாயாவில் வெள்ளைப் பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அரிதாகவே அணுகிற்று. அங்கே பணிபுரிந்த பிரட்டன் என்னும் மருத்துவர் இதனைக் கவனித்து 1907 இல் நூலாகவே எழுதினார். ஊறற்சட்டி ஒன்று கடல் கடந்து போய்த் தன் மக்களைக் காத்த கதை இது. நம்முடைய பாடநூல்களில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவோர் கூட்டத்திலே என்னைச் சேர்த்துவிடாதீர்கள். பைற்றிக் அமிலத்தை அம்மம்மா அறியார். இடிப்பதற்கு இலகுவாகும் என்றும், சுவை கூடும் என்றும், வயிற்றுக்கு இதமாகும் என்றுமே ஊறவைத்தனர். உலக்கை பிடித்த கைகளிலே காய்ப்பேறியதையும், ஊறிய நீரை வடிக்கும்போது சில சத்துக்கள் அதனோடு போவதையும் மறைக்கவேண்டியதில்லை. உலக்கை போனதற்கு நான் அழமாட்டேன். ஆலை வந்ததனாற் பெண்களின் தோள் பிழைத்தது. ஆனால் உலக்கையோடு ஊறலும் போனதுதான் வீண் நட்டம். இடிப்பதற்கு உழைப்பு வேண்டும். ஊறுவதற்கோ முதனாள் மாலையில் ஒரு நினைவு மாத்திரமே வேண்டும்.

அந்த நினைவு எங்ஙனம் அழிந்தது? இலங்கையிலே கோதுமை பெயருக்குக்கூட விளைவதில்லை என்று சொல்லிவிடலாம். உண்பது எல்லாம் கப்பலில் வருவது. 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட்டு அரிசி வரவு நின்றபோது, கோதுமை மா கூப்பனோடு ஊரூராகப் புகுந்தது. போர் முடிந்தும் அது போகவில்லை. 1980 முதல் திருகோணமலையிலே பேராலை அரைத்துத் தள்ளுகின்றது. இதே மன்னார் வீதியிலே, செட்டிகுளத்து மெனிக் பாமிலே, 2009 முதல் 2012 வரை முட்கம்பிகளுக்குள்ளே வாழ்ந்தோருக்கு நிவாரணமாய் வந்த பொதிகளிலும் கோதுமை மா இருந்தது. பசித்தவர்க்கு வந்த உணவைப் பழிப்பது அறமன்று. எனினும், கையில் உரலும் சட்டியும் முற்றமும் இல்லாத அந்த ஆண்டுகளிலே, ஒரு தலைமுறைச் சிறுமியர் ஊறல் என்பதையே காணாமல் வளர்ந்தனர். எனக்கு இரவு உணவளித்த அந்தப் பெண்ணும் அவர்களுள் ஒருத்தி. பிறகு 2022 இலே டொலர் வற்றி, மா விலையும் பாண் விலையும் ஏறியபோது, குரக்கனும் அரிசி மாவும் மீண்டும் நினைவுக்கு வந்தன. தானியம் நினைவுக்கு வந்தது, செய்முறை வரவில்லை.

குரக்கனையே எடுத்துக்கொள்வோம். நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் பத்தளவே. எண் பெரிது; ஆனால் குரக்கனிலே பைற்றிக் அமிலமும் துவர்ப்புப் பொருளும் மிகுதி. அன்றியும் கோதுமையிலே உள்ள அளவு பைற்றேசு குரக்கனிலோ அரிசியிலோ சோளத்திலோ இல்லை. வெறுமனே நீரிலிட்டு எடுப்பதால் அவை எளிதில் இளகுவதில்லை. குரக்கனை ஓரிரவு ஊறவிட்டு, துணியிலே கட்டி ஒரு நாளோ இரு நாளோ முளைகட்டவிட்டு, சருகுபோலக் காயவைத்துத் திரிப்பது நல்ல வழி. பாணுக்கு அக்குரக்கன் மா ஒரு பங்கும் தவிட்டோடு கூடிய கோதுமை மா மூன்று பங்கும் போதும். குரக்கனுக்குப் பசைத்தன்மை இல்லாமையால், கூட்டினால் அந்தச் செங்கல்லே மீண்டும் வரும். மதுவத்தை விரல்நுனியளவு மட்டும் இட்டு, அல்லது முந்திய நாட் புளித்த மாவில் ஒரு பிடி சேர்த்து, இளகப் பிசைந்து இரவெல்லாம் மூடிவைத்துக் காலையிலே சுடலாம். பேக்கிங் பவுடரும் அவசரமும் செய்யாத வேலையைப் புளிப்பு செய்யும். வன்னி வெயிலிலே எட்டு மணி நேரமே நெடிது. பகலில் வைத்தால் மா காடியாகிவிடும்.

மாவைப் புதிதாகத் திரிப்பதற்கும் காரணமுண்டு. முளைக்கருவில் எண்ணெய் இருக்கின்றது. அரைத்த கணம் முதல் அது காற்றுப்பட்டுச் சிக்கு மணங் கொள்ளத் தொடங்கும். அக்கருவையும் தவிட்டையும் நீக்கியதனாலேயே வெள்ளை மா மாதக்கணக்காகக் கப்பலிலும் கடையிலும் கெடாதிருக்கின்றது. முழுமாவை நம்முடைய வெப்பத்திலே ஒரு வாரத்துக்கு மேல் வைத்தல் நன்றன்று.

இத்தனையும் செய்தாலும் பாண் மருந்தாகிவிடாது. சிறிதளவு பைற்றிக் அமிலம் எஞ்சினாலும் இரும்பைத் தடுக்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரும் தடுக்கும். தேசிக்காயும் நெல்லிக்காயும் அதற்கு மாற்று. கிளினிக்கிலே கொடுத்த இரும்புக் குளிசையை நிறுத்திவிட்டு ஊறலை நம்புவது பேதைமை. பல்வகைக் கறியும் மீனும் உண்ணும் வீட்டுக்கு இவ்வமிலத்தால் பெருந் தீங்கில்லை என்பதையும் சொல்லவேண்டும். பாணும் தேநீருமே காலையுணவாகவும் சில நாள் இரவுணவாகவும் அமைகின்ற வீட்டுக்கே இவ்வளவும் எழுதினேன். அத்தகைய வீடுகள் அவ்வீதியோரம் குறைவில்லை. பெண்களுக்குப் பேக்கரித் தொழில் பழக்கும் பயிற்சிகள் வன்னியிலே நடைபெறும்போது, கேக்குக்கு ஐசிங் இடுவதற்குச் செலவிடும் நாளில் ஒன்றை இதற்கென ஒதுக்கும்படி பயிற்றுவோரைக் கேட்டுக்கொள்கின்றேன்.

மறுநாட் காலை அம்மம்மாவின் ஏற்பாட்டிலே இரண்டு கொத்துக் குரக்கன் நீரில் கிடந்தது. முச்சக்கர வண்டிப் பாண்காரன் பாட்டோடு படலையடியில் வந்து நின்றான். அன்றைக்கும் ஒரு இறாத்தல் பாண் வாங்கத்தான் வாங்கினார்கள். "ஈரத்தோட கொண்டுபோனால் மில்லுக்காரன் ஏசுவான், கல்லு ஒட்டிப்போகும். பல்லில வைச்சுக் கடிச்சால் 'கடுக்' எண்டு வெடிக்கவேணும், அதுக்குப் பிறகு கொண்டுபோ" என்று பேர்த்திக்குச் சொல்லிக்கொண்டே, முற்றத்திலே விரிப்பதற்குப் பாயைத் தேடிக்கொண்டிருந்தார் அம்மம்மா.