மழைக்குப் பயப்படுவது கோழைத்தனம் அல்ல



கண்டியின் ஹந்தானை மலையில் இருட்டிக்கொண்டு வந்தால், நகரத்தில் இருப்பவர் குடையைத் தேடுகிறார். சரிவிலுள்ள தேயிலைத் தோட்ட லயத்தில் இருப்பவர் பிள்ளைகளைத் தேடுகிறார். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இலங்கையெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மாவட்டங்களில் கண்டிதான் அதிகமானோரை இழந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண்சரிவு மூடியதையும் மலையகம் மறக்கவில்லை. ஆகவே, தகரக் கூரையில் மழை விழுந்ததும் நெஞ்சு படபடப்பதும், நடுச்சாமத்தில் எழுந்து சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் பட்டறிந்த பயம். "சும்மா யோசிக்காம படு" என்று அதட்டினால் அது போய்விடாது.

ஆபத்து என்று மூளை நினைத்த உடனே அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, வயிறு பிசைகிறது. ஓடித் தப்புவதற்கு உடல் செய்யும் ஆயத்தம் இது. வானம் வெளுத்த பிறகும் அந்த ஆயத்தம் அடங்காமல், தூக்கத்தையும் சாப்பாட்டையும் வேலையையும் கெடுக்கும்போதுதான் அது நோயாகிறது.

பயத்துக்கு முதலில் ஒரு வேலை கொடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்துவிட்டால் சரிவில் தங்கக்கூடாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவையும் அறிகுறிகளே. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். எந்தக் கோயிலுக்கு, எந்தப் பாடசாலைக்குப் போவது என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுங்கள். செய்ய வேண்டியதைச் செய்து முடித்த மனம் ஓரளவு அடங்கும்.

அப்படியும் அடங்காத மிச்சப் பதற்றத்துக்குச் சில சின்ன வழிகள் உண்டு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை மெதுவாக்குங்கள். சில நிமிடங்களில் படபடப்புத் தணியும். எச்சரிக்கையை நம்பகமான ஓர் இடத்தில் மட்டும் பாருங்கள். தொலைபேசியில் வரும் வதந்திகளைப் பரப்பாதீர்கள். தேயிலை மலையில் வாழும் நம்மிடம் சொல்லக் கஷ்டம்தான், ஆனாலும் இரவில் குடிக்கும் கடுஞ்சாயத் தேத்தண்ணி தூக்கத்தையும் கெடுக்கும், படபடப்பையும் கூட்டும். பிள்ளைகள் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று மழுப்பாமல், மழை கூடினால் என்ன செய்வோம் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்குத் தெம்பு தருவது அதுதான்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் வைத்தியரிடம் போங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் உளநலச் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். உளநலச் சிகிச்சைக்குப் போனால் பைத்தியம் என்பார்களே என்ற கூச்சத்தால் எத்தனையோ பேர் வீணாகத் தவிக்கிறார்கள். பதற்றம் மருந்தாலும் பேச்சுச் சிகிச்சையாலும் குணமாகக்கூடியது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மூச்சுப் பயிற்சி மலைச்சரிவைத் தாங்கிப் பிடிக்காது. ஆபத்தான சரிவில் உள்ள குடும்பத்துக்குப் பாதுகாப்பான காணியும் உறுதியான வீடும் கிடைக்கும்வரை, அமைதியாக இரு என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் காணியையும் வீட்டையும் கேட்பதும் உளநலப் பணிதான். நாமெல்லோரும் சேர்ந்து கேட்போம். அதுவரை, அடுத்த பெருமழையில் பக்கத்து லயத்தில் தனியாக இருக்கும் பாட்டியின் கதவை முதலில் தட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்