கால் ஆணிக்கு வேர் கிடையாதுங்க

ஊரிலிருந்து அப்பா அம்மா நொய்டாவுக்கு வந்தால் நாம் செய்கிற முதல் காரியம், குளிருக்கு ஷூ வாங்கித் தருவது. அதுவும் ஆன்லைனில், பழைய செருப்பின் நம்பரை வைத்து! அறுபது வருஷம் செருப்பிலும் வெறுங்காலிலும் அகன்று வளர்ந்த பாதம். கூம்பின ஷூவில் திணித்தால் சுண்டுவிரல் மேல் கெட்டியாக ஒன்று முளைக்கத்தான் செய்யும்.

இந்தியில் இதற்கு 'கோக்ரூ' என்று பெயர். நெருஞ்சி முள்ளுக்கும் அதே பேர்தான். நாம் ஆணி என்கிறோம், அவர்கள் முள் என்கிறார்கள். உள்ளே ஏதோ ஏறியிருக்கு என்கிற நினைப்பு ரெண்டிலும் இருக்கிறது பாருங்க, வம்பே அங்கேதான். உள்ளே ஒன்றும் ஏறவில்லை. ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் விழுந்தால், தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. பரவலாகத் தடித்தால் காய்ப்பு. ஒரு புள்ளியில் கூம்பாக உள்நோக்கி இறுகினால் ஆணி. வேரே கிடையாது. ஷூவை மாற்றாமல் எத்தனை தடவை வெட்டினாலும் திரும்ப வரும்.

"வேரோட எடுத்துடறேன்" என்று பிளேடைத் தூக்குகிற பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. என் கோபமெல்லாம் அந்த பிளேடு மேல்தான். சர்க்கரை பல வருஷம் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும், ரத்த ஓட்டமும் குறையும். ஆழமாக வெட்டினாலும் வலிக்காது, புண்ணும் லேசில் ஆறாது. எங்கள் குடியிருப்பில் ஒரு மாமாவுக்குக் கால் விரலையே எடுக்க வேண்டி வந்தது. ஆரம்பம் ஒரு பிளேடு கீறல். மருந்துக் கடை கார்ன் கேப்பும் சாதுவில்லை. அதிலிருக்கிற சாலிசிலிக் அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. சர்க்கரைக்காரர்கள் ரெண்டையும் தொடாமல் நேரே டாக்டரிடம் போவதுதான் சரி.

சர்க்கரை இல்லாதவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிஷம் காலை வைத்து, பியூமிஸ் கல்லால் மெதுவாகத் தேய்த்து, யூரியா கலந்த கிரீம் தடவலாம். ஒரே நாளில் தேய்த்துத் தீர்க்கப் பார்க்காதீங்க, சில வாரம் ஆகும். சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், அல்லது மேலே அமுக்குவதைவிட ரெண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளும்போது அதிகம் வலித்தால், அது வைரஸால் வருகிற மருவாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

ஷூ வாங்குவதென்றால் ஆளையே கடைக்குக் கூட்டிப் போங்க, சாயங்காலமாக. நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. நின்று பார்க்கச் சொல்லுங்க, விரல்கள் அசைய இடம் வேண்டும்.

அப்புறம் இந்த டைல்ஸ் தரை. வெறுங்காலோடு நாளெல்லாம் அதில் நடந்தால் குதிகாலும் பாதமும் காய்த்துப் போகும். மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி வீட்டுக்குள் போட வாங்கிக் கொடுங்க. "வீட்டுக்குள்ள செருப்பா?" என்று அம்மா முறைப்பாங்க. வாசல் தாண்டாத தனி ஜோடி, சமையலறைக்கும் சாமி அலமாரிக்கும் முன்னால் கழற்றிவிடலாம் என்று பேசிப் பாருங்க. எங்கள் வீட்டில் அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு வாரம் ஆச்சு.