மாதிரி பார்க்கும் ஊருக்காக ஒரு விண்ணப்பம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்க வருவோர் மூட்டை முழுவதையும் அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. ஒரு கைப்பிடி மாதிரியில் நிறத்தையும் பருமனையும் கண்டே தரத்தை நிர்ணயித்துவிடுகிறார்கள். அக்காயைப் பறிப்பதற்காக விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு மலைப்பாதை வழியே தோட்டங்களுக்குச் சென்று, அந்தி சாயத் திரும்பும் பெண்மணியின் சரீரத்துக்கு மட்டும் அத்தகைய பரிசோதனை எளிதில் கிட்டுவதில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கால் மரத்துப்போகிறது என்று அவர் சொன்னால், மலைக்குளிர் என்றோ, வயது என்றோ, சர்க்கரை என்றோ கூறி நாம் சமாதானமடைந்துவிடுகிறோம். பலருக்குச் சர்க்கரையே காரணமாயிருக்கலாம். சத்துக்குறைவும் தொழுநோயும்கூடக் காரணமாகலாம். இவையெல்லாம் இல்லையென்று தெளிந்த பிறகும் மரப்பு மேலேறிக்கொண்டே போகுமாயின், இரத்தத்தில் வேறொரு சாட்சியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தின் உதிரித் துண்டை, தேடுவது அவசியம்.

கிருமிகளை எதிர்க்க நம் சரீரம் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தின் அடிப்படை வடிவம், இரண்டு கனச் சங்கிலிகளும் இரண்டு இலகுச் சங்கிலிகளும் இணைந்தது. இலகுச் சங்கிலியில் கப்பா, லாம்டா என இரு வகை உண்டு. எலும்பு மஜ்ஜையில் இப்புரதத்தை உண்டாக்கும் ஒரே வம்சத்து அணுக்கள் வரம்பின்றிப் பெருகினால், ஒருவகைச் சங்கிலி உபரியாகி, இரத்தத்தில் தனித்து உலவி, சிலருக்கு நரம்பிலும் இருதயத்திலும் சிறுநீரகத்திலும் படிந்து அவற்றைக் கெடுக்கிறது. லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் 1840-களில் சிறுநீரில் ஆராய்ந்த விநோதப் புரதம் இச்சங்கிலியே என்பதை 1962-இல் விஞ்ஞானிகள் எடல்மனும் கேலியும் நிரூபித்தார்கள். இன்று கப்பாவுக்கும் லாம்டாவுக்கும் உள்ள விகிதத்தை அளந்து, வியாதியை முன்னதாகவே சந்தேகித்து, மேற்பரிசோதனைகளால் உறுதிசெய்து, அதன் வேகத்தை மருந்தால் தணிக்க இயலும்.

இப்பரிசோதனை எல்லோருக்கும் வேண்டுவதன்று. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இச்சங்கிலிகளின் அளவு கூடுமாதலால், நிபுணரின் ஆலோசனையின்றிச் செய்வது வீண் பீதியையே விளைவிக்கும். ஆயினும் தேவையுள்ளவருக்குத் தூரம் தடையாகலாகாது. 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டு வாசலிலேயே சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கிறது. அத்திட்டத்தின் ஊழியர்கள் கால் மரப்பையும் விசாரித்து மருத்துவரிடம் அனுப்பட்டும். மருத்துவர் அவசியமென்று கருதுவோரின் இரத்தத்தைப் போடியிலேயே எடுத்து, வசதியுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அரசே அனுப்பட்டும். ஒருநாள் கூலியை இழந்து நோயாளி மதுரைக்குப் பஸ் ஏற வேண்டுவதில்லை; அவருடைய இரத்தம் பிரயாணம் செய்தால் போதும்.

ஒரு கைப்பிடிக் காய்க்குக் காட்டும் கவனத்தை, அதைப் பறித்தவரின் ஒரு சொட்டு இரத்தத்துக்கும் காட்டுமாறு சுகாதாரத் துறையை வேண்டுகிறேன்.