சாத்தானுக்கு ஒப்பந்தம், வாரிசுக்கு முடிசூட்டு

2023 நவம்பர் 24 அன்று தென்கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘மை டீமன்’ என்னும் தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. மனிதர்களின் ஆன்மாவை ஒப்பந்தம் எழுதி வாங்கும் சாத்தானுக்கும், பெரும் தொழிற்குழுமம் ஒன்றின் வாரிசாகிய இளம்பெண்ணுக்கும் இடையிலான காதலே கதை. சரியாக ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 1 அன்று, அதே நாட்டின் குடியரசுத் தலைவர் யூன் சுக் யோல், நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘மஞ்சள் உறை’ சட்டத்தைத் தமது மறுப்பாணையைக் கொண்டு முடக்கினார். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது வாழ்நாள் முழுவதும் உழைத்தாலும் அடைக்க இயலாத இழப்பீட்டுக் கடனைச் சுமத்தும் வழக்கத்துக்குக் கடிவாளமிடும் சட்டம் அது.

ஒன்று கற்பனை, மற்றொன்று அரசியல். ஆனால் இரண்டுக்கும் பொருள் ஒன்றே: கையறு நிலையில் நிற்கும் மனிதன் எதன்மீது கையெழுத்திடுகிறான்? அதற்குரிய விலையை யார் வசூலிக்கிறார்? தொடர் 16 பகுதிகளாக ஓடி, நெட்பிளிக்ஸ் வழியாக இந்தியா உள்ளிட்ட நாடுகளின் வீடுகளுக்குள் நுழைந்தது. சட்டத்தின் கதை கொரியத் தொழிற்சங்க வட்டாரங்களுக்கு வெளியே அநேகமாக எங்கும் சென்று சேரவில்லை.

கதை சொல்வதும் சொல்லாததும்

கதாநாயகன் ஜங் கூ வொன் இருநூறு ஆண்டுகளாக வாழும் சாத்தான். வாழ்வின் விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்கள்முன் தோன்றி, வேண்டியதைத் தருவதாகச் சொல்கிறான். பத்தாண்டு முடிந்ததும் அவர்களது ஆன்மா அவனுடையது. கதாநாயகி டோ டோ ஹீ, மிராய் குழுமத்தின் உணவு நிறுவனத்துக்குத் தலைவி. ஒரு விபத்தில் சாத்தானின் ஆற்றல் அடங்கிய சின்னம் அவளது மணிக்கட்டுக்கு இடம் மாறிவிட, இருவரும் ஒப்பந்தத் திருமணம் செய்துகொள்கின்றனர். பின்னர் அது காதலாகிறது. குழுமத் தலைவியின் கொலையும் வாரிசுரிமைப் போட்டியும் கதையின் மறுபாதி.

காதல் கதையிடம் கொள்கை அறிக்கையை எதிர்பார்ப்பது மூடத்தனம். எனினும் ஒரு கதை எதை வாதிட்டு நிறுவுகிறது என்பதைவிட, எதை வாதிடாமலேயே இயல்பென்று எடுத்துக்கொள்கிறது என்பதே அதன் சித்தாந்தத்தைக் காட்டிக்கொடுக்கும். அவ்வாறு ‘மை டீமன்’ எடுத்துக்கொள்பவை மூன்று.

முதலாவது, ஒப்பந்தம் சுதந்திரமானது என்பது. சாத்தான் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கேட்கிறான், அவர்கள் ஒப்புகின்றனர். ஆகவே பழி கையெழுத்திட்டவனையே சாரும். அந்த மனிதனை விளிம்புக்குத் தள்ளியது எது என்ற கேள்வி கதைக்குள் வலுவாக எழுவதே இல்லை. மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் தோலுரித்துக் காட்டியது இந்த மாயத்தைத்தான். சந்தையில் முதலாளியும் தொழிலாளியும் சமமானவர்களாக, சுதந்திரமானவர்களாகச் சந்தித்து ஒப்பந்தம் செய்கின்றனர். ஆனால் ஒருவரிடம் உற்பத்திச் சாதனங்கள் இருக்கின்றன. மற்றவரிடம் விற்பதற்குத் தம் உழைப்புச் சக்தி மட்டுமே இருக்கிறது. பட்டினியே அந்தச் ‘சுதந்திர’ ஒப்பந்தத்தின் மறைமுகச் சாட்சிக் கையெழுத்து.

இரண்டாவது, செல்வம் இரத்தத்தாலும் பாசத்தாலும் வருவது என்பது. மிராய் குழுமத்தில் உழைக்கும் ஆயிரக்கணக்கானோர் கதையில் பின்னணித் திரைச்சீலை மட்டுமே. கதையின் தர்மசங்கடம் குழுமம் யாருக்குச் சேரவேண்டும் என்பதே: கொலைக்கும் அஞ்சாத மூத்த மகனுக்கா, நேர்மையான வளர்ப்பு மகளுக்கா? தீய வாரிசு வீழ்ந்து நல்ல வாரிசு வென்றால் பார்வையாளர் நிம்மதியடைகிறார். வாரிசு ஆட்சியே கேள்விக்குரியது என்பது அந்த நிம்மதிக்குள் கரைந்துபோகிறது.

மூன்றாவது, அதிகாரத்தைக் காதல் புனிதமாக்கிவிடும் என்பது. ஆன்மாக்களைப் பறிக்கும் சாத்தான் பகலில் நடத்துவது ஒரு கலை அறக்கட்டளை. பறிப்பவனே அறக்கொடையாளனாகவும் உலவுவதில் எழுத்தாளர்கள் அறிந்தோ அறியாமலோ உண்மை ஒன்றைத் தொட்டுவிட்டனர். ஆனால் கதை அதைக் கிண்டலாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இதில் கடவுள் வீடற்ற ஏழைப் பெண்ணின் தோற்றத்தில் தெருவில் திரிகிறாள். வறுமை தீர்க்கப்படவேண்டிய அநீதியாக இல்லாமல் தெய்வம் அணியும் மாறுவேடமாகிவிட்டது.

திரைக்கு வெளியே உள்ள சாத்தான்

கொரிய மொழியில் ‘சேபோல்’ எனப்படும் குடும்பப் பெருங்குழுமங்கள் கற்பனைப் பாத்திரங்கள் அல்ல. சாம்சங் குழும வாரிசு லீ ஜே யோங், தமது வாரிசுரிமையை உறுதிசெய்துகொள்ளும் முயற்சியோடு பிணைந்த ஊழலில், முன்னாள் குடியரசுத் தலைவரின் அணுக்கத் தோழிக்கு இலஞ்சம் கொடுத்ததற்காகத் தண்டனை பெற்றார். 2021இல் பரோலில் விடுவிக்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் பொதுமன்னிப்பும் பெற்றார். நாட்டின் பொருளாதாரத்துக்கு அவர் தேவை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

தொழிலாளர்க்கு இத்தகைய மன்னிப்பு கிடைப்பதில்லை. 2009இல் சாங்யோங் கார் நிறுவனம் 2,646 பேரை வெளியேற்றத் திட்டமிட்டபோது, பியோங்டேக் ஆலையைத் தொழிலாளர் 77 நாள் தம் வசம் வைத்துப் போராடினர். காவல்துறை வானூர்தியிலிருந்து கண்ணீர்ப்புகைக் கரைசலைக் கொட்டி ஆலையைக் கைப்பற்றியது. பின்னர் நிறுவனத்துக்கும் காவல்துறைக்கும் சுமார் 470 கோடி வோன் இழப்பீடு தருமாறு நீதிமன்றம் தொழிலாளர்க்கு ஆணையிட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தற்கொலையாலும் நோயாலும் தொழிலாளரும் குடும்பத்தினருமாக 30 பேர் மாண்டனர். இவர்கள் சாத்தானிடம் எதையும் வேண்டவில்லை. வேலையைத்தான் வேண்டினர். ஆன்மா மட்டும் பறிக்கப்பட்டது.

அத்தொகையை ஒரு இலட்சம் பேர் பகிர்ந்தால் தலைக்கு 47,000 வோன்தானே என்று கணக்கிட்டு, ஒரு சாதாரண வாசகி வார இதழ் ஒன்றுக்குப் பணம் அனுப்பினார். முன்பெல்லாம் கொரியத் தொழிலாளியின் சம்பளம் மஞ்சள் உறையில் வந்தது. அந்த நினைவில் ஆயிரக்கணக்கானோர் மஞ்சள் உறைகளில் பணம் அனுப்பினர். சட்டத்துக்குப் பெயர் வந்த கதை இது. 2022இல் கப்பல் கட்டும் தளம் ஒன்றின் துணை ஒப்பந்தத் தொழிலாளர் 51 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, சங்கத் தலைவர்கள் ஐவர்மீது நிறுவனம் 4,700 கோடி வோன் கேட்டு வழக்குத் தொடுத்தது. இத்தகைய வழக்குகளைக் கட்டுப்படுத்தவும், துணை ஒப்பந்தத் தொழிலாளரின் வேலை நிலைமையை உண்மையில் தீர்மானிக்கும் தாய் நிறுவனத்தையும் ‘முதலாளி’ என வரையறுக்கவுமே அச்சட்டம் கொண்டுவரப்பட்டது. யூன் அதை 2023இலும் 2024இலும் தடுத்தார். அவர் பதவியிழந்த பின்னர், 2025 ஆகஸ்டில் அது நிறைவேறியது.

கனவைத் தயாரிப்போர்

இத்தகைய தொடர்களை உருவாக்குவோரும் உழைப்பாளரே. 2016இல் கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் இளம் உதவி இயக்குநர், இடைவிடாத படப்பிடிப்பையும், தமக்குக் கீழ் இருந்த தற்காலிகப் பணியாளரை வெளியேற்றும் வேலை தம்மீது சுமத்தப்பட்டதையும் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது மரணத்துக்கு நீதி கேட்ட குடும்பமும் தோழர்களும் 2018இல் அவர் பெயரிலேயே ஊடகத் தொழிலாளர் உரிமை மையத்தை நிறுவினர். 2018இல்தான் ஒளிபரப்புத் துறை, வேலைநேர வரம்பிலிருந்து விலக்குப் பெற்ற துறைகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

2023 ஏப்ரலில் கொரியத் தயாரிப்புகளில் நான்கு ஆண்டுகளில் 250 கோடி டாலர் முதலிடப் போவதாக நெட்பிளிக்ஸ் அறிவித்தது. இம்முதலீடு யாருக்குப் பலன் தருகிறது என்பதற்கு ‘ஸ்குவிட் கேம்’ சான்று. சுமார் 2.14 கோடி டாலர் செலவில் உருவான அத்தொடரின் மதிப்பை நிறுவனத்தின் உள் ஆவணங்கள் ஏறத்தாழ 90 கோடி டாலராகக் கணித்ததாகச் செய்தி வெளியானது. உரிமை முழுவதும் நிறுவனத்திடம் இருந்ததால், அந்த வெற்றியில் இயக்குநருக்கு உரிமைத்தொகைப் பங்கு இல்லை. பட்டுச் சேலையை நெய்தவருக்குக் கூலி, விற்றவருக்குக் கொள்ளை என்ற பழைய கணக்கு இங்கே செயற்கைக்கோள் வழியாக நடக்கிறது.

அந்த ‘ஸ்குவிட் கேம்’ நாயகனின் கடந்தகாலம் சாங்யோங் போராட்டத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஒரே நாடு, ஒரே தொழில், ஒரே முதலீட்டாளர். ஆயினும் ஒரு கதை கடனாளியின் கண்ணால் உலகைப் பார்க்கிறது. மற்றொன்று கடன் கொடுத்தவனின் காதலியாக நின்று பார்க்கிறது. பண்பாட்டுத் தளமும் வர்க்கப் போராட்டக் களமே என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

இரு தவறான நிலைகள்

இடதுசாரி அணிகளுக்குள் இத்தொடர்கள் குறித்து இரு நிலைகள் உலவுகின்றன. ஒன்று, இது அந்நியப் பண்பாட்டுச் சீரழிவு, இளைஞரை இதிலிருந்து மீட்கவேண்டும் என்பது. மற்றொன்று, இது வெறும் பொழுதுபோக்கு, இதில் அரசியல் தேடுவது வீண் என்பது.

முதல் நிலை புரட்சிகரமாகத் தோன்றினும் அதன் உள்ளீடு வேறு. ‘அந்நியம்’ என்ற சொல்லால் கலையை அளப்பது சங் பரிவாரத்தின் அளவுகோல். ருஷ்ய நாவல்களையும் சீனக் கதைகளையும் தமிழுக்குக் கொண்டுவந்த இயக்கம் அந்த அளவுகோலைக் கையில் எடுக்க இயலாது. மேலும், இத்தொடர்களைப் பார்க்கும் இளம்பெண்கள் ஏமாளிகள் அல்லர். ஆண், பெண் ஊதிய இடைவெளி பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் நாடுகளிலேயே மிக அதிகமாக, 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கும் நாடு தென்கொரியா. அங்கே பெண்ணின் சொல்லுக்குச் செவிகொடுக்கும், சமைத்துப் பரிமாறும், அடிக்காத ஆண் ஒருவனைக் காணச் சாத்தானுலகம் வரை போகவேண்டியிருக்கிறது என்றால், குறை ஏங்கும் பெண்ணிடம் இல்லை. இந்தியப் பெண்ணுக்கும் அந்த ஏக்கம் அந்நியமானதன்று.

2024 டிசம்பர் 3 இரவு யூன் இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது நிகழ்ந்தது இதற்கு விடை சொல்கிறது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு பொது வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விடுத்தது. நாடாளுமன்றத்தின் முன் கடுங்குளிரில் திரண்டோரில் பெரும்பகுதி இளம்பெண்கள். தாம் விரும்பும் பாடகர் குழுக்களின் ஒளிவிளக்குகளையே அவர்கள் போராட்ட விளக்குகளாக ஏந்தி நின்றனர். டிசம்பர் 14 அன்று பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ‘சீரழிந்த’ இரசிகைகள் என ஒதுக்கப்பட்டவர்களே சனநாயகத்தைக் காத்த அணியில் நின்றனர்.

அதே காரணத்தால் இரண்டாம் நிலையும் நொறுங்குகிறது. இரசிகையின் விளக்கு போராட்ட விளக்காக மாறியது தானாக நிகழ்ந்ததன்று. அமைப்பாகத் திரண்ட தொழிலாளர் அதே வீதியில் அவள் அருகே நின்றதால் நிகழ்ந்தது. அமைப்பு இல்லாத இடத்தில் ஏக்கம் நல்ல முதலாளிக்கான காத்திருப்பாக முடியும். ‘மை டீமன்’ கற்பிப்பது அந்தக் காத்திருப்பைத்தான்.

இங்குள்ள கையெழுத்துகள்

இந்த ஒப்பந்தக் கதை இந்தியாவுக்குத் தொலைவானதன்று. செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பம் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடப்பது, 1976இலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் தொடரும் உண்மை. தமிழ்நாட்டின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை என்று ஆசைகாட்டி ஏழைப் பெண்களை ஆலை விடுதிக்குள் அடைத்தனர். ஒப்பந்தத் திருமணத்தை இனிய நகைச்சுவையாகக் காட்டும் கதையை, திருமணத்துக்காகவே ஒப்பந்தத்தில் சிக்கிய பெண்ணின் இருக்கையிலிருந்து பார்த்தால் சிரிப்பு வராது.

2024 செப்டம்பர் 9 அன்று, அதே கொரிய சேபோலின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் சங்க அங்கீகாரம் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 37 நாள் நீடித்த அப்போராட்டத்தின் மையக் கேள்வி ஒன்றே: ஒவ்வொருவரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டுமா, அனைவரும் சேர்ந்து பேச உரிமை உண்டா? கொரியாவில் சங்கமற்ற நிர்வாகக் கொள்கையைக் கைவிடுவதாக 2020 மே மாதம் அந்நிறுவனத்தின் வாரிசு தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டிருந்தார். அந்த மன்னிப்பு கடல் தாண்டவில்லை. 2025 சனவரியில்தான், நெடிய சட்டப் போராட்டத்துக்குப் பின், சங்கம் பதிவுபெற்றது.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குறித்தகால வேலை ஒப்பந்தம் அனைத்துத் துறைகளுக்கும் உரியதாகிவிட்டது. 300 பேருக்குக் குறைவாக உள்ள ஆலையை அரசின் முன் அனுமதியின்றி மூடலாம். 14 நாள் முன்னறிவிப்பின்றி எந்த வேலைநிறுத்தமும் சட்டவிரோதம். ஆலைத் தொழிலாளரில் பாதிப்பேர் ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். கொரியத் தொழிலாளர் பத்தாண்டுக்கு மேல் போராடித் தம் கழுத்துச் சுருக்கைத் தளர்த்திய அதே ஆண்டில், இந்தியத் தொழிலாளியின் கழுத்தில் புதுச் சுருக்கு விழுந்திருக்கிறது.

ஆகவே கட்சி அணிகள் செய்யவேண்டியது தொடரைத் தடைசெய்யக் கோருவதும் அன்று, கண்டும் காணாமல் இருப்பதும் அன்று. அத்தொடரைப் பார்க்கும் இளம் தொழிலாளியோடு அமர்ந்து, கதை நிறுத்திய இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவதே பணி. அந்த மனிதனைச் சாத்தானிடம் துரத்தியது எது? மிராய் குழுமத்தின் செல்வத்தை உண்டாக்கியவர் யார்? நல்ல வாரிசு வந்தபின் துணை ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளம் உயர்ந்ததா? இக்கேள்விகளைக் கேட்கப் பழகியவர், தம் ஆலையில் நீட்டப்படும் ஒப்பந்தத் தாளையும் அதே கண்ணால் படிப்பார்.

சாத்தானைக் காதல் திருத்திவிடும் என்பது கதையின் தீர்ப்பு. 47,000 வோனை உறையில் இட்டு அனுப்பிய அந்த வாசகி வேறு தீர்ப்பை எழுதினார்: ஒருவர் தனியே தாங்கவியலாத கடனை, ஓர் இலட்சம் பேர் சேர்ந்து ஒரு சட்டமாகவே மாற்றிவிடலாம். அது கற்பனையாக நின்றுவிடவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.