பத்து நிமிஷமும் உரிமைதான்!

சர்க்கரை வியாதி பணக்காரர் வியாதி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. 1996-97இல் சென்னையில் இரு குடியிருப்புகளில் பரிசோதனை நடந்தது. மத்தியதர வருமானக்காரர் பகுதியில் நூற்றுக்கு 12.4 பேருக்கும், ஏழைகள் பகுதியில் 6.5 பேருக்கும் இவ்வியாதி இருந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அங்கே 15.4, இங்கே 15.3! ஏழைகளிடம் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையுள்ளவர்கள். "உட்கார்ந்து தின்பதால் வந்தது" என்று ஏளனம் செய்பவர்களைக் கேட்கிறோம்: காட்டுப்பள்ளி வட்டாரத்துக் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலிக்குத் துப்புரவு செய்துவிட்டு, வீட்டில் அடுப்பெரிக்கும் பெண்ணா சும்மா உட்கார்ந்திருக்கிறாள்?

"உழைப்பவளுக்கு எதற்குத் தேகப்பயிற்சி?" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நின்றால் கால் வீங்கும், இடுப்பு நோகும். ஆனால் இருதயம் வேகமாக அடிப்பதில்லை. பெரிய தசைகள் ரத்தத்துச் சர்க்கரையை அதிகம் எரிப்பதுமில்லை. களைப்பு வேறு, பயிற்சி வேறு.

விஞ்ஞானம் இதற்கொரு வழி கண்டிருக்கிறது. மூச்சு வாங்கும்படி சிறிது நேரம் வேகமாக இயங்குவது, பிறகு நிதானிப்பது, மீண்டும் வேகம் கூட்டுவது. ஜப்பானில் தபாட்டா குழுவினர் 20 விநாடி வேகம், 10 விநாடி ஓய்வு என்ற முறையைச் சோதித்து 1996இல் வெளியிட்டார்கள். பின்னர் பருமனான பெண்களிடமும் பல நாடுகளில் இத்தகைய பயிற்சியைச் சோதித்தார்கள். வேகமாக இயங்கிய தசை தன் சேமிப்பைச் செலவழித்து, ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. எடை அதிகம் குறையாவிட்டாலும் இந்த நன்மை உண்டு. நம் சென்னையிலேயே மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷன் இளம் பெண்களுக்காக, 'தாண்டவ்' என்ற 10 நிமிஷ நடனப் பயிற்சியை உருவாக்கியது. ரத்த அழுத்தம், நெஞ்சு வலி, மூட்டு வலி உள்ளவர்களும், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்ட பிறகே இதில் இறங்க வேண்டும். மற்றவர்களுக்கும் தொடக்கத்தில் வேக நடையே போதும்.

கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஆனால் இடமும் காற்றும் நேரமும் வேண்டும். அவைதான் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கின்றன.

மேலே சொன்ன மத்தியதரக் குடியிருப்பில் மக்கள் சொந்தப் பணத்தில் பூங்கா அமைத்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் பயிற்சி செய்பவர்கள் நூற்றுக்கு 14லிருந்து 58க்கு மேல் உயர்ந்தார்கள். இடமிருந்தால் மக்கள் பயிற்சி செய்வார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2023இல் பெசன்ட் நகரில் 8 கிலோமீட்டர் நடைபாதை திறந்தார்கள். காட்டுப்பள்ளி ரோட்டிலோ கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. வேகமாக இயங்கும் உடல் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்களே, அந்த வட்டாரத்தில் எந்தக் காற்றை இழுப்பது?

நேரத்தின் கதையும் இதுவே. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிலாளர் எதிர்ப்பு கிளம்பிய பிறகே, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். போராடாமல் ஒரு நிமிஷம்கூடத் திரும்பக் கிடைத்ததில்லை.

ஆகவே நாம் கோருவது: ஷிப்டுக்குள்ளேயே கூலியுடன் கால் மணி நேரப் பயிற்சி இடைவேளை, ஒப்பந்தப் பெண்களுக்கும் சேர்த்து! ஒவ்வொரு குப்பத்திலும் விளக்குள்ள திடல்! காற்றின் நிலையைத் தினமும் தமிழில் அறிவிக்கும் பலகை! 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் சர்க்கரைப் பரிசோதனை! ரேஷனில் அரிசியோடு போதிய பருப்பும் சிறுதானியமும்!

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இவற்றைச் சேர்க்கட்டும். கூலி உயர்வு கேட்கும் அதே குரலில், அந்தக் கூலியை உண்டு வாழும் உடலுக்கும் நியாயம் கேட்போம்!